மணியும் எடையும் அளவும்



‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது நம் பாட்டிமார் சோறு பரிமாறும்போது சொல்லும் சொல். அச்சொல்லின் முழுப் பொருளையும் காண விரும்புவோர் விருந்து வீட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. மருத்துவமனையில் செவிலியர் மருந்து கலக்கும் மேசையருகே சிறிது நேரம் நின்றால் போதும். அங்கே ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து பேணுபவரையும் நான்காவதாக அவர் சேர்த்தார். ‘உழைச்செல்வான்’ என்று அவர் பெயரிட்ட அந்த நான்காமவரே இன்றைய செவிலியர். செவிலியர் இல்லாத இடத்தில் அப்பெயர் நம் வீட்டுத் தாய்க்கும் மகளுக்கும் மருமகளுக்கும் மகனுக்கும் உரியதாகிறது.

இத்திங்கள் நம் நலவாழ்வுப் பகுதியில் அந்நான்காமவரின் கணக்கைப் பற்றிப் பேசுவோம். எடுத்துக்கொண்ட நோய் பக்கவாதம். நம் ஊர்ப் பெரியவர்கள் பாரிசவாயு என்பார்கள். நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பேரேடு எழுதும் எழுத்தன். ஆகவே, இம்மருந்தைக் கொடுங்கள், அதனை நிறுத்துங்கள் என்று இங்கே கூறப் போவதில்லை. மருந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அக்கணக்கு எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நம் பங்கு யாது என்பதை மட்டும் காண்போம். நாம் தரும் எண் பிழையானால், செவிலியர் போடும் கணக்கும் பிழையாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மணி

பக்கவாதம் மூளையின் இரத்தக் குழாயில் தோன்றும் நோய். குழாய் அடைபட்டால் ஒரு வகை; குழாய் வெடித்து இரத்தம் கசிந்தால் மற்றொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முகம் ஒரு பக்கம் கோணும், உயர்த்திய கை தானே தாழும், பேச்சுக் குழறும், சிலருக்குத் திடீரென்று நிலை தடுமாறும் அல்லது பார்வை மங்கும். தலையைச் ‘சி.டி. ஸ்கேன்’ எடுத்துப் பார்த்தால்தான் அடைப்பா, கசிவா என்பது விளங்கும். அடைப்பைக் கரைக்கும் மருந்து கசிவுள்ளவருக்குச் சென்றால் உயிருக்கே இறுதியாகும். இதனால்தான் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும், இரத்த அழுத்த மாத்திரையை நாக்கின் கீழ் வைப்பதும் தகாத செயல்கள் ஆகின்றன.

அடைப்பு நேர்ந்தபின் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ‘ஆல்டிபிளேஸ்’ என்னும் மருந்து 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் தரும் என்பதை 1995-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த எல்லையை 4½ மணி வரை நீட்டலாம் என்று 2008-இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் மெல்லிய குழல் செலுத்தி அதனை வெளியே இழுக்கும் முறை 2015 முதல் நிலைபெற்றது. 2018-க்குப் பின், தகுதியுடையோர் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அம்முறை பயன்படுகிறது.

ஆதலின் மருத்துவமனை வாயிலில் செவிலியர் கேட்கும் முதற் கேள்வி நேரத்தைப் பற்றியதே. அவர் கேட்பது ‘எப்போது விழுந்தார்?’ என்பதன்று, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்பதே. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நம்மவர் பலர் உணர்வதில்லை. ஒரு வண்டி இரு நிலையங்களுக்கு இடையே நின்றுவிட்டால், அது கடைசியாக எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்றே நாங்கள் முதலில் பார்ப்போம். இங்கும் அதே முறைதான். இரவு 10 மணிக்கு நலமாகப் படுத்தவரை விடியற்காலை 5 மணிக்குக் கை விளங்காத நிலையில் கண்டால், கணக்கு 10 மணியிலிருந்தே தொடங்குகிறது. அவர் 3 மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தெளிவாகப் பேசியதை வீட்டில் ஒருவர் கண்டிருந்தால், கணக்கு 3 மணிக்கு நகர்ந்துவிடும். அந்த ஒரு சாட்சியத்தால் சிகிச்சையின் போக்கே மாறக்கூடும். நேரம் தெரியவில்லை என்று சோர்ந்து வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. அத்தகையோருக்கும் வேறு வகைப் படம் எடுத்து முடிவு செய்ய வழியுண்டு.

எங்கள் குடியிருப்பில் ஒரு மூதாட்டியாருக்கு இந்நோய் கண்டது. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பிய மகனைச் செவிலியர் வினவியபோது, ‘காலையில்’ என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. உடன் வந்திருந்த பேத்தியோ, “ஆறு பத்துக்குப் பாட்டி பால் வாங்கிக்கொண்டு, ‘பள்ளி வண்டி வந்துவிடும், எழுந்திரு’ என்று என்னை எழுப்பினார்கள், நன்றாகத்தான் பேசினார்கள்” என்றாள். அந்த ‘ஆறு பத்து’ என்னும் எண்ணைச் செவிலியர் தாளில் எழுதி வட்டமிட்டார். உரிய காலத்தில் மருந்து ஏறியது. மூதாட்டியார் இன்று கோலூன்றி நடக்கிறார்.

மொழி வேறான ஊரில் வாழும் நமக்கு இவ்விடத்தில் சில கன்னடச் சொற்கள் வேண்டும். நாம் பாரிசவாயு என்பதைக் கன்னடத்தார் ‘பார்ஶ்வவாயு’ என்பர். ‘லக்வா’ என்றும் வழங்குவர். ‘எஷ்டு கண்டெகெ?’ என்றால் எத்தனை மணிக்கு என்று பொருள். ‘தூக எஷ்டு?’ என்றால் எடை எவ்வளவு என்று பொருள். ‘மாத்ரெ’ நம் மாத்திரையே. வீட்டில் தனித்திருக்கும் முதியோர்க்கும் அண்மையில் ஊரிலிருந்து வந்த மருமகள்மார்க்கும் இச்சொற்களைக் கற்பித்து வையுங்கள். 108-க்குத் தொலைபேசியில் சொல்வதற்கும் அவை உதவும்.

வண்டி வரும்வரை நோயாளி வாயில் காப்பியோ, தண்ணீரோ, மாத்திரையோ ஒரு மிடறும் விடலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நல்ல நேரம் பார்த்துக் காத்திருப்பதும், ஊருக்குக் கொண்டுபோய்ப் புறா இரத்தம் பூசுவதும் காலத்தைத் தின்னும் செயல்கள். இரவிலும் பகலிலும் ‘சி.டி. ஸ்கேன்’ எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகே எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

எடை

இரண்டாம் கேள்வி எடையைப் பற்றியது. ஆல்டிபிளேஸ் மருந்தை எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பதில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் என்பது அதன் கணக்கு. எவ்வளவு பருத்தவராயினும் 90 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நோயாளி 60 கிலோ எடையுள்ளவர் என்று கொள்வோம். 60-ஐ 0.9-ஆல் பெருக்க 54 மில்லிகிராம் வருகிறது. இதில் பத்தில் ஒரு பங்கான 5.4 மில்லிகிராமை ஒரு நிமிடத்தில் ஊசி வழியே செலுத்துவர். எஞ்சிய 48.6 மில்லிகிராமை ஒரு மணி நேரத்தில் பொறியின் துணையால் சீராகச் செலுத்துவர். 5.4-உம் 48.6-உம் சேர்ந்தால் 54 வருகிறதா என்று கூட்டிப் பார்த்த பின்னரே செவிலியர் ஊசியைத் தொடுவார்.

60 கிலோ உள்ளவரை, வீட்டார் மதிப்பாக ‘75 இருப்பார்’ என்று கூறிவிட்டால் என்ன ஆகும்? மருந்து 67.5 மில்லிகிராமாகிவிடும். அதாவது 13.5 மில்லிகிராம் மிகை. கால் பங்கு கூடுதல். இரத்தத்தைக் கரைக்கும் மருந்து மிகும்போது மூளையில் இரத்தம் கசியும் அச்சமும் மிகும். பெரிய மருத்துவமனைகளில் படுக்கையோடு எடை பார்க்கும் கருவி உண்டாயினும் எல்லா இடத்திலும் அதனை எதிர்பார்க்க இயலாது. முன்பெல்லாம் ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடை அச்சிட்ட அட்டை தரும் பொறிகள் நின்றன. குழந்தைகள் அவ்வட்டையை ஆவலோடு சேர்த்து வைப்பார்கள். அந்த ஆவலில் சிறிது நம் பெரியோர்பால் செலுத்தி, மூன்று திங்களுக்கு ஒருமுறை அவர்களின் எடையைப் பார்த்து நாளுடன் எழுதி வைப்பது நன்று.

‘டெனெக்டிபிளேஸ்’ என்னும் மற்றொரு மருந்தும் இப்போது வழக்கில் உள்ளது. அதனை ஒரே ஊசியாகச் செலுத்திவிடலாம். பக்கவாதத்திற்குக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், உச்சம் 25 மில்லிகிராம் என்பது உலகில் பரவலான அளவு. அதே மருந்தை நெஞ்சடைப்புக்குக் கொடுக்கும்போது அளவு ஏறக்குறைய இரு மடங்காகும். ஒரே மருந்தாயினும் நோய்க்கேற்ப அளவு வேறுபடுவதை எண்ணினால், மருந்தின் பெயர் தெரிந்துவிட்டது என்பதாலேயே மருத்துவம் தெரிந்துவிட்டதாகாது என்பது விளங்கும்.

எடையோடு சேர்த்து உண்ணும் மாத்திரைகளையும் கேட்பார்கள். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை உண்டா, நீரிழிவு உண்டா, அண்மையில் அறுவை நடந்ததா என்ற மூன்றுக்கும் விடை வேண்டும். சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும் என்பதால், வந்தவுடன் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பர். மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

அளவு

இத்தகைய பணி நம் நாட்டில் வேரூன்றி முக்கால் நூற்றாண்டளவே ஆகிறது. 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பெங்களூரில் 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றியது. அது மனநல மருத்துவமனையோடு இணைந்து 1974 டிசம்பர் 27-இல் ‘நிம்ஹான்ஸ்’ என்னும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனமாயிற்று. நரம்பியல் அறுவை மருத்துவரான டாக்டர் ஆர். எம். வர்மா அதன் முதல் இயக்குநர். வேலூரிலும் தேர்ந்த செவிலியர் பயிற்சி பன்னெடுங்காலமாக நடைபெறுகிறது. செவிலியர்க்கான பட்டப்படிப்பு அங்கே 1946-இலேயே தொடங்கியது.

மருந்து ஏறிய பின் செவிலியர் ஆற்றும் காவலைப் பாருங்கள். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்திற்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை. அதன்பின் 24 மணி முடியும்வரை மணிக்கு ஒருமுறை. முறையே 8, 12, 16. ஆக 36 முறை. ஒவ்வொரு முறையும் அழுத்தம் 180-க்கு 105 என்னும் எல்லைக்குள் நிற்கிறதா, கை கால் அசைகிறதா, பேச்சுத் தெளிகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். நள்ளிரவில் விளக்கைப் போட்டு எழுப்புகிறார்களே என்று நாம் முணுமுணுப்பது அந்த 36-இல் ஒன்றுக்காகவே.

அடுத்து, சொட்டுக் கணக்கு. 500 மில்லி நீரை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதுகிறார். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயாயின், 500-ஐ 20-ஆல் பெருக்க 10,000 சொட்டு. 8 மணி என்பது 480 நிமிடம். வகுத்தால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 21 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செவிலியர் சொட்டுகளை எண்ணுவது இதனால்தான். ‘மெதுவாக இறங்குகிறதே’ என்று உடனிருப்போர் அந்தச் சக்கரத்தைத் திருகினால், 8 மணிக்குரியது 2 மணியில் இறங்கிவிடும். மூளை வீக்கமும் இதய நோயும் உள்ளவர்க்கு அது பெருந்தீங்கு.

‘ஹெபாரின்’ என்னும் இரத்தம் உறையாமைக்கான மருந்து 5 மில்லிக் குப்பியில் இரு வகையாக வருகிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 1,000 அலகு. மற்றொன்றில் ஒரு மில்லிக்கு 5,000 அலகு. குப்பியின் பருமன் ஒன்றே. வலிமையோ ஐந்து மடங்கு. இத்தகைய மருந்துகளை ஒரு செவிலியர் கணக்கிட்டபின், அவர் விடையைப் பாராமலே மற்றொருவர் தனித்துக் கணக்கிட்டு, இரு விடையும் ஒத்த பின்னரே செலுத்துவது நல்ல மருத்துவமனைகளின் முறை. எங்கள் ரயில்வேயிலும் பல தடங்களில் வண்டியை விடுமுன் இரு நிலைய அதிகாரிகளும் தனி எண்களைப் பரிமாறிக்கொண்டு, ஒருவர் கூறியதை மற்றவர் திருப்பிக் கூறிப் பதிவேட்டில் எழுதுவர். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாமையால் எழுந்த முறையன்று அது. களைத்த கண் யாரையும் ஏமாற்றும் என்ற அறிவால் எழுந்த முறை.

இல்லத்தில்

மருத்துவமனை வாயிலைக் கடந்து வெளியே வந்தவுடன் செவிலியரின் கணக்கேடு நம் கைக்கு வந்துவிடுகிறது. அங்கே மூன்று முறைப் பணியாளர் மாறிமாறிச் செய்த வேலையை இங்கே பெரும்பாலும் ஒரு பெண்மணியே செய்கிறார். அவருக்குப் பயன்படும் சிலவற்றைக் கூறுகிறேன்.

எழுந்திருக்க இயலாதவரை 2 மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 12 முறை. இடப்புறம், மல்லாந்து, வலப்புறம் என்று நேரத்தோடு எழுதி வைத்தால், ஒருவர் விட்டதை மற்றவர் தொடரலாம். இரவு முறைகளை ஆண்மக்கள் ஏற்றுக்கொள்வது கடமை. புரட்டும்போது விளங்காத கையைப் பிடித்து இழுக்கலாகாது; தோள் மூட்டு நழுவிவிடும். உணவூட்டும்போது தலையை உயர்த்தி உட்கார வைத்து, உண்டபின் அரை மணி நேரமேனும் அந்நிலையிலேயே இருக்கச் செய்யுங்கள்.

பக்கவாதத்திற்குப் பின் சிலருக்கு வலிப்பு வருவதுண்டு. ‘வால்ப்ரோயேட்’ மருந்து நீர் 5 மில்லியில் 200 மில்லிகிராம் உள்ளதாக வருகிறது. மருத்துவர் ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 300-ஐ 200-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க 7.5 மில்லி. இரு வேளைக்கு 15 மில்லி. 200 மில்லிப் புட்டி 13 நாள் வரும். ஆகவே 10-ஆம் நாளே அடுத்த புட்டியை வாங்கி வைக்க வேண்டும். மருந்து தீர்ந்து திடீரென்று நின்றுவிட்டால் வலிப்புத் தொடர்ந்து வரும் அபாயம் உண்டு. அடுப்பங்கரைக் கரண்டி வீட்டுக்கு வீடு வேறுபடும். புட்டியோடு வரும் அளவுக் கிண்ணத்தையோ ஊசியில்லாப் பீச்சு குழலையோ பயன்படுத்துங்கள்.

இரத்தம் உறையாமைக்கான ‘வார்ஃபரின்’ மாத்திரை 1, 2, 5 மில்லிகிராம் எனப் பல அளவில் கிடைக்கிறது. ‘மூன்று மில்லிகிராம்’ என்று மருத்துவர் சொன்னதை ‘மூன்று மாத்திரை’ என்று கொண்டு, கையில் உள்ளது 5 மில்லிகிராம் மாத்திரையாயின், உள்ளே செல்வது 15, ஐந்து மடங்கு. சீட்டில் உள்ள எண்ணையும் அட்டையில் உள்ள எண்ணையும் ஒத்துப் பாருங்கள். ஒரு வேளை தவறினால் மறு வேளை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டா. கீரையை ஒருநாள் மிகுதியாகவும் பல நாள் அறவே இன்றியும் உண்பதை விடுத்து, ஒரே சீராக உண்ண வேண்டும். ஈறிலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டால் உடனே மருத்துவரை நாடுங்கள்.

இந்நோயாளர் பலருக்கு நீரிழிவும் உண்டு. இன்சுலின் மருந்து ஒரு மில்லிக்கு 40 அலகு, 100 அலகு என இரு வகை. ஊசிக்குழலும் இரு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 அலகுக் குப்பியிலிருந்து 40-க்குரிய குழலில் 20-ஆம் கோடு வரை எடுத்தால், உள்ளே செல்வது 20 அன்று, 50 அலகு. மயக்கமும் மரணமும் அந்த 30-இல் மறைந்திருக்கின்றன. குப்பியையும் குழலையும் அருகருகே வைத்து, இரு எண்ணும் ஒன்றா என்று உரக்கப் படித்துவிட்டு எடுங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தாலும் போதும். ‘நீயும் படித்துச் சொல்’ என்று கேளுங்கள். மருத்துவமனையில் இரு செவிலியர் செய்யும் சரிபார்ப்பு உங்கள் வீட்டிலும் அவ்வாறே நடந்துவிடும்.

இறுதியாக ஒன்று. இதழைப் படித்து முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வீட்டில் உள்ள முதியவர் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, எடை, எடை பார்த்த நாள், நோய்கள், மாத்திரைகளின் பெயரும் மில்லிகிராமும், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரையும் 108-ஐயும் தலைப்பில் எழுதுங்கள். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ அதற்கொரு படி எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் பின்புறம் ஒட்டிவிட்டால், நள்ளிரவில் பதறும்போது தேட வேண்டியதில்லை. எழுத ஆளில்லாத முதியோர் அண்டை வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் ஞாயிறன்று சென்று எழுதிக் கொடுங்கள். ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உறவினர். ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் அரை மணி நேரமும் இதற்குப் போதும்.

நலம் சூழ்க.